வயிற்றில் இருக்கும்போதே குறை தெரியுமா? டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் பிரசவ வார்டில் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த ஆயாக்கள் இருக்கிறார்கள். சென்னை, கோவையிலிருந்து வேலைக்கு வந்து, அம்மா பக்கத்தில் இல்லாமல் தலைப்பிரசவத்துக்குத் தயாராகும் பெண்களும் இருக்கிறார்கள். இருவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் சொல் இங்கே இருப்பதற்கு மேலானது.

எங்க குடும்பத்துல யாருக்கும் எந்தக் குறையும் இல்ல. எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்?

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை ஏதாவது ஒன்று இருக்கும். உலகம் முழுக்க இதுதான் நிலை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். உதாரணமாக, உதரவிதானத்தில் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு) ஓட்டை விழுந்து குடல் மார்புக்குள் ஏறிவிடும் குறை சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான அபூர்வக் குறைகள் இருப்பதால், மொத்தமாகச் சேர்த்தால் அபூர்வம் இல்லை. பெரும்பாலானவை குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாத வீட்டில்தான் வருகின்றன.

காரணங்களை நான்காகப் பிரித்து வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் சுலபமாகப் புரியும். உறுப்பு உருவாகும்போதே ஏற்படும் கோளாறு (இதயம், முதுகெலும்பு, உதடு). குரோமோசோம் எண்ணிக்கையில் மாற்றம் (டவுன் சிண்ட்ரோம்). ஒரே ஒரு மரபணுவில் வரும் பிழை (தலசீமியா என்னும் ரத்த நோய்). வெளியிலிருந்து வரும் பாதிப்பு (கிருமி, மருந்து, மது, கட்டுப்படாத சர்க்கரை). ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும் வழி வேறு. எல்லாவற்றையும் காட்டும் ஒரே டெஸ்ட் கிடையாது.

மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. அப்புறம் போய் புக் பண்ணா போதாதா?

ஊருக்குச் சொல்ல வேண்டாம். கண்ணேறு பற்றிய உங்கள் மாமியாரின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனது தெரிந்த உடனே போவதுதான் சரி. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் படிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்கும். கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே. நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 14 வாரத்துக்குள். பனிக்குட நீர் எடுப்பது 15 வாரத்துக்கு மேல். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரம். மூன்று மாதம் முடிந்து, அப்புறம் நல்ல நாள் பார்த்து, அப்புறம் கிளினிக்கில் தேதி வாங்கினால் முதல் இரண்டும் கைவிட்டுப் போய்விடும். மற்றவையும் அவசர அவசரமாக நடக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைச் சிகிச்சை 1994 முதல் இலவசம். போனில் *134*550# அழுத்தி மாம்கனெக்ட் என்ற அரசுத் தகவல் சேவையில் பதிந்துகொண்டால் வாராவாரம் தகவல் வரும். தமிழில் வராது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பேத்தியை ஆயாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

ஸ்கேன்ல என்னதான் பாக்குறாங்க? குழந்தை படம் காட்டுறதோட சரியா?

படம் காட்டுவது கடைசி வேலை. முதல் ஸ்கேனில் கர்ப்பம் எத்தனை வாரம், ஒரு குழந்தையா இரட்டையா, கழுத்துக்குப் பின்னால் தேங்கிய நீர் எவ்வளவு மில்லிமீட்டர் என்று பார்ப்பார்கள். அந்த நீர் அதிகமாக இருந்தால் குரோமோசோம் மாற்றமோ இதயக் குறையோ இருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். மண்டை ஓடு உருவாகாத குறையைக்கூட இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட முடியும்.

18–22 வார ஸ்கேன்தான் விரிவானது. மூளை அறைகளின் அகலம், முகம், மேலுதடு, முதுகெலும்பு முழுவதும், இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்கள், உதரவிதானம், இரைப்பை, தொப்புள்கொடி வயிற்றில் சேரும் இடம், இரண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கை, கால் என்று வரிசையாகப் போவார்கள். எடுப்பவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். கவனமாக அளந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லா அரசு கிளினிக்கிலும் இந்த ஸ்கேன் தானாகக் கிடைத்துவிடாது. வயது, சர்க்கரை, முந்தைய குழந்தைக்கு இருந்த குறை, சாப்பிடும் மருந்து ஆகியவற்றைப் பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதனால் முதல் நாளே எல்லா விவரத்தையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட விவரத்துக்காக யாரும் ரெஃபரல் எழுத மாட்டார்கள்.

அடிக்கடி ஸ்கேன் எடுத்தா குழந்தைக்கு ஆகாதாமே?

அது எக்ஸ்ரே கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலி அலை. மருத்துவத் தேவைக்காகப் பயிற்சி பெற்றவர் எடுக்கும் ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. முகம் பார்த்து ஆல்பம் போட மட்டும் கடைகளில் எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அங்கே யாரும் இதயத்தைப் பார்ப்பதில்லை. "ஸ்கேன் எடுத்தாச்சு" என்ற நிம்மதி மட்டும் தங்கிவிடுகிறது.

ஸ்கேன் நார்மல்னு எழுதிட்டாங்க. இனிமே கவலை இல்லதானே?

கவலை நிறையவே குறையும். முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. காது கேளாமை, ஆட்டிசம், பல அறிவுத்திறன் குறைபாடுகள், உடலின் ரசாயன மாற்றத்தில் வரும் நோய்கள் ஆகியவை ஸ்கேன் படத்தில் தெரியாது. உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் கண்ணில் படாது. பெருந்தமனி குறுகும் இதயக் குறை அனுபவசாலிக்கே தப்பிவிடும்.

சில குறைகள் பிந்தித்தான் தலைகாட்டும். கை கால் எலும்பு குட்டையாக வளரும் அகான்ட்ரோபிளேசியா பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் அளவில் தெரியும். குடல் அடைப்பு, தலையில் நீர் சேர்வது ஆகியவையும் 20 வாரத்துக்குப் பிறகு வரலாம். தாய் உடல் பருத்திருந்தாலோ குழந்தை திரும்பிப் படுத்திருந்தாலோ படம் தெளிவாக வராது. "சரியாகத் தெரியவில்லை, மறுபடி வாங்க" என்று எழுதியிருந்தால் கட்டாயம் மறுபடி போங்கள்.

கையில ரத்தம் எடுத்தாலே எல்லாம் தெரிஞ்சிடுமாமே? அப்ப ஸ்கேன் எதுக்கு?

நீங்கள் சொல்வது என்ஐபிடி. நஞ்சுக்கொடியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கும். 10 வாரத்துக்கு மேல் ரத்தம் எடுத்து அதை எண்ணிப் பார்ப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 100-க்கு 99 முறை பிடித்துவிடும். மிக நல்ல டெஸ்ட்தான்.

ஆனால் அது பார்ப்பது முக்கியமாகச் சில குரோமோசோம்களின் எண்ணிக்கையை. முதுகெலும்பு மூடாததையும், இதயத்தில் ஓட்டையையும், சிறுநீரகம் இல்லாததையும் அது காட்டாது. அதற்கு ஸ்கேன்தான். மேலும், அது ஒரு வடிகட்டும் சோதனை. உறுதி செய்யும் சோதனை வேறு. குறை எவ்வளவுக்கு அபூர்வமோ, அந்த அளவுக்கு "இருக்கிறது" என்று தவறாக வரும் வாய்ப்பும் கூடும். மிக நுண்ணிய குரோமோசோம் இழப்புகளையும் சேர்த்துப் பார்ப்பதாக விற்கப்படும் பெரிய பேக்கேஜ்களில் இது நிறைய நடக்கும். என்ஐபிடியை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நஞ்சுக்கொடியில் இருக்கும் மாற்றம் குழந்தையிடம் இல்லாமலும் இருக்கலாம்.

"ஹை ரிஸ்க், 150-க்கு 1"ன்னு வந்திருக்கு. ராத்திரி தூக்கமே இல்ல. குழந்தைக்கு நோய்தானா?

இது டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றம் இருப்பதற்கான வாய்ப்புக் கணக்கு மட்டுமே. இதே முடிவு வந்த 150 பெண்களில் 149 பேரின் குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் மாற்றம் இருக்காது. ஒருவரின் குழந்தைக்கு இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை இந்த எண் சொல்லாது. உறுதியான டெஸ்ட் வேண்டுமா என்று உங்களோடு பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

வயதும் இந்தக் கணக்கில் சேரும். டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 20 வயதில் சுமார் 1,500-க்கு 1, 35 வயதில் சுமார் 350-க்கு 1, 40 வயதில் சுமார் 100-க்கு 1. இருந்தாலும் இளம் பெண்கள்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள். அதனால் டவுன் குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். "எனக்கு 26 தானே" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

பனிக்குடத்துல ஊசி போட்டா குழந்தையைக் குத்திடாதா? கலைஞ்சிடுமாமே?

ஸ்கேனில் ஊசியின் முனையைப் பார்த்துக்கொண்டேதான் செலுத்துவார்கள். குழந்தை இல்லாத இடத்தில் இருக்கும் நீரில் சுமார் 15 முதல் 20 மில்லி எடுப்பார்கள். சில நிமிட வேலை. அந்த நீரில் குழந்தையின் செல்கள் இருக்கும். நஞ்சுக்கொடித் திசு எடுக்கும் முறையும் இப்படித்தான், அதை இன்னும் முன்னாலேயே செய்யலாம். முன்பெல்லாம் 100-க்கு 1 கலையும் என்றார்கள். பழக்கப்பட்ட கைகளில் இப்போது அது 200-க்கு 1-ஐவிடக் குறைவு.

போகும் முன் இரண்டு விஷயங்களை டாக்டருக்குச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசிக்குப் பிறகு ஆன்டி-டி ஊசி தேவைப்படும். இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. இரண்டாவது ஹெச்ஐவி. இந்த நாட்டில் இதை வெட்கப்படாமல் பேசியே ஆக வேண்டும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு இறங்கியிருந்தால், ஊசியால் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு. அளவு இறங்காமல் இருந்தால், முடிந்தவரை இறங்கும்வரை தள்ளிவைப்பார்கள். டோலுடெக்ராவிர் என்ற ஹெச்ஐவி மருந்தால் முதுகெலும்புக் குறை வருமோ என்று 2018-இல் போட்ஸ்வானா ஆய்விலிருந்து ஒரு சந்தேகம் கிளம்பியது. பின்னால் அதிகப் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சந்தேகம் விலகிவிட்டது. பயந்து மருந்தை நிறுத்தாதீர்கள்.

ரிசல்ட் வர எவ்வளவு நாள் ஆகும்?

டவுன் போன்ற முக்கியமான சிலவற்றுக்கான விரைவுச் சோதனை சில வேலை நாட்களில் வந்துவிடும். செல்களை வளர்த்து எல்லாக் குரோமோசோமையும் பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும். எந்தத் தேதியில், யார் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

இதுக்கெல்லாம் மெடிக்கல் எய்ட் காசு குடுக்குமா?

பிரசவம் தொடர்பான அடிப்படைச் சிகிச்சையை எல்லா மெடிக்கல் எய்டும் (தனியார் மருத்துவக் காப்பீடு) தந்தாக வேண்டும். 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி வந்த குறைந்தபட்சச் சலுகைகளில் அது இருக்கிறது. என்ஐபிடி, மரபணு டெஸ்ட் ஆகியவை திட்டத்துக்குத் திட்டம் மாறும். ரத்தம் கொடுக்கும் முன் போன் செய்து அனுமதி எண் வாங்குங்கள். ஏன் தேவை என்று டாக்டர் எழுதிய கடிதம் இருந்தால் வேலை சுலபம்.

கிரகணத்தப்ப வெளிய வந்துட்டேன். உதடு பிளந்து பிறக்கும்னு ஆயா அழறாங்க.

ஆயாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். மேலுதடு கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே சேர்ந்து முடிந்துவிடுகிறது. அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள் மூடிவிடும். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் மூடிய உதட்டைத் திறக்காது. கத்தி எடுத்து காய் நறுக்கியதாலும் இல்லை.

பிளவு வருவதற்கு மரபணுக்களும் சூழலும் சேர்ந்து காரணம். தாயின் சிகரெட், சில வலிப்பு மருந்துகள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள சர்க்கரை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பல குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அம்மா என்ன செய்தாள், எங்கே போனாள், என்ன தின்றாள் என்று உறவுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது அவளுக்குச் செய்யும் கொடுமை.

நாங்க சொந்தத்துல கட்டினவங்க. அத்தை பையன்தான். கண்டிப்பா குறை வருமா?

கண்டிப்பாக வராது. முதல் பதிலில் சொன்ன 100-க்கு 3 என்பது அத்தை மாமா பிள்ளைகள் கட்டிக்கொண்டால் ஏறத்தாழ 5 அல்லது 6 ஆகும். அதாவது 94 அல்லது 95 பேர் நன்றாகவே பிறக்கிறார்கள். தாய்மாமனைக் கட்டியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடும். அத்தை மகனோடு பகிரும் மரபணுக்களைப் போல இரண்டு மடங்கைத் தாய்மாமனோடு பகிர்கிறோம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிய குடும்பத்திலும் அப்படித்தான்.

ஒரே மரபணுப் பிழையை இருவரும் அறியாமல் சுமந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-க்கு 1 வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டும் காசு அது. குடும்பத்தில் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், காரணம் தெரியாத வலிப்பு, காது கேளாமை இருந்தால் அந்த விவரத்தைச் சேகரித்து மரபணு ஆலோசகரிடம் கொடுங்கள். இந்த விஷயத்தில் ஆயாவின் ஞாபகம் லேபைவிட முந்தும்.

தலசீமியா டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. எனக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதானே?

இந்திய வம்சாவளியினரிடம் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் உண்டு. சுமப்பவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ரத்தம் லேசாகக் குறைவாக இருக்கும், சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும். பல வருடம் இரும்பு மாத்திரை தின்றும் ஏறாமலேயே இருக்கும். ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் சுமப்பவர் என்றால் கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். அவர் சுமக்கவில்லை என்றால் குழந்தைக்குத் தலசீமியா பெரிய நோயாக வராது. இருவரும் சுமந்தால் மேலே சொன்ன 4-க்கு 1. நஞ்சுக்கொடித் திசுவிலோ பனிக்குட நீரிலோ மரபணுவைப் பார்த்துச் சொல்லலாம். "எனக்கு எதுக்கு டெஸ்ட், ஆம்பளைக்கு ஒண்ணும் இல்ல" என்று மறுக்கும் கணவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகை ரத்தத்துக்கு மறுத்துவிட்டு மனைவியின் வயிற்றில் ஊசி போட வைக்காதீர்கள்.

எனக்கு சர்க்கரை இருக்கு. குழந்தைக்குக் குறை வருமா?

சர்க்கரை எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. கர்ப்பத்தின் பின்பாதியில் வரும் சர்க்கரை குழந்தையைப் பெருக்க வைக்கும். உறுப்புகள் அதற்குள் உருவாகி முடிந்திருக்கும் என்பதால் பெரும்பாலும் பிறவிக் குறை தராது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்படாமல் இருக்கும் சர்க்கரை வேறு. அது இதயக் குறையையும் தண்டுவடக் குறையையும் பல மடங்கு கூட்டும். நம் மக்களிடம் சர்க்கரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மூன்று மாத சராசரியை (ஹெச்பிஏ1சி) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். அது 10 சதவீதத்துக்கு மேலே இருந்தால் இறங்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

தண்டுவடக் குறையைத் தடுக்க உதவும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் இப்படியே. தண்டுவடம் மூடுவது கரு உருவாகி 28 நாளுக்குள். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. அதனால் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபர் முதல் சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் ஆசிட் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. அதன் பிறகு தண்டுவடக் குறைகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அரிசியை மட்டும் நம்பி இருக்கும் வீட்டுக்கு இந்தப் பலன் அவ்வளவாக வராது. மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு மாத்திரை, பி.பி. மாத்திரை சாப்பிடறேன். நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் வரும் பெரிய வலிப்பு இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆனால் உடனே டாக்டரிடம் போங்கள். சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களின் குழந்தைகளில் சுமார் 10-க்கு 1 பேருக்குப் பெரிய குறை வருகிறது. திட்டமிட்டால் முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாறலாம். எனாலாபிரில் வகை பி.பி. மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெடினோயினும் வார்ஃபரினும் இந்தப் பட்டியலில் உண்டு.

மது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே அதிகமாகப் பதிவானது இந்த நாட்டில்தான். அந்தப் பாதிப்பைப் பெரும்பாலும் ஸ்கேன் காட்டாது.

இதயத்துல வெள்ளைப் புள்ளி, மூளையில நீர்க்கட்டின்னு எழுதியிருக்காங்க. இப்ப என்ன பண்றது?

இவை இரண்டும் குறை கிடையாது, அடையாளங்கள் மட்டுமே. இதயத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளி நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் பலரிடம் காணப்படும். ஆசிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். மூளையின் கோராய்டு பின்னலில் வரும் சிறு நீர்க்கட்டி பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானாகக் கரைந்துவிடும். வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும் இருந்து, முந்தைய ரத்தப் பரிசோதனையும் குறைந்த ரிஸ்க் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேறு அடையாளமும் சேர்ந்திருந்தால் நிபுணர் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

குறை உறுதின்னு சொல்லிட்டாங்க. தெரிஞ்சு என்ன லாபம்?

நிறைய இருக்கிறது. இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும்வரை நன்றாக வளரும். பிறந்து சில மணி நேரத்தில் நீலம் பாரிக்கும். முன்பே தெரிந்தால் இதய வசதி உள்ள இடத்தில் பிரசவம் வைத்து, பிறந்த உடனே புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஏற்றி, அறுவை சிகிச்சைவரை தாக்குப்பிடிக்க வைக்கலாம். குடல் வயிற்றுக்கு வெளியே தொங்கும் குழந்தைக்கு, பிறந்த நிமிடமே குடலைச் சுத்தமாக மூடி அறுவை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். உதரவிதான ஓட்டை உள்ள குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்று அழுத்தவே கூடாது. குடலில் காற்று நிறைந்து நுரையீரலை நெருக்கிவிடும். நேராக மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டும். இதையெல்லாம் வார்டு முன்கூட்டியே அறிந்திருப்பதற்கும் அறியாமல் இருப்பதற்கும் உள்ள தூரம் ஒரு உயிர்.

குவாசூலு-நட்டாலில் இத்தகைய சிக்கலான கர்ப்பங்கள் டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் போகும். நேராகப் போய் நிற்க முடியாது. உங்கள் கிளினிக்கோ ஆர். கே. கான், மகாத்மா காந்தி போன்ற மருத்துவமனையோ எழுதி அனுப்ப வேண்டும். கையில் இருக்கும் கர்ப்பப் பதிவேட்டை ஒருபோதும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குறையின் பெயரைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இது தனியாக வந்ததா, வேறு குறையோடு சேர்ந்ததா? பிறந்த முதல் நாளில் என்ன செய்ய வேண்டிவரும்? இதே குறையோடு வளர்ந்த குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்?

கலைக்கணும்னா சட்டம் என்ன சொல்லுது? வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?

இந்தியாவில் மெடிக்கல் போர்டைக் கேட்க வேண்டும் என்று படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். இங்கே உள்ளது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும். 13 முதல் 20 வாரம் வரை, குழந்தைக்குக் கடுமையான உடல் அல்லது மனக் குறை வரும் கணிசமான ஆபத்து இருப்பதாக டாக்டர் கருதினால் செய்யலாம். வேறு சில காரணங்களும் அதில் உண்டு. 20 வாரத்துக்குப் பிறகு, தாயின் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கடுமையான உருக்குறை போன்ற நிலையில், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரையோ பதிவுபெற்ற மருத்துவச்சியையோ கலந்து முடிவு செய்ய வேண்டும்.

கையெழுத்து பெண்ணுடையது மட்டும். கணவர், மாமியார், அப்பா யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. அதேபோல், கலைத்துவிடு என்று யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. முன்னும் பின்னும் ஆலோசனை கேட்டுப் பெறலாம், அது கட்டாயம் இல்லை. குடும்பம் உடன் நிற்பது நல்லதுதான். ஆனால் முடிவை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டாம். வலியும் ரத்தமும் அவளுடையது.

பிழைக்காதுன்னு சொன்னாலும் பெத்துக்கணும்னு இருக்கோம். பைத்தியம்னு சொல்றாங்க.

பைத்தியம் இல்லை. மண்டை ஓடு உருவாகாத குழந்தையை ஒன்பது மாதம் சுமந்து, அரை மணி நேரம் மடியில் வைத்திருந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்கூட்டியே திட்டம் எழுதி வையுங்கள்: மூச்சுக்கருவி வேண்டுமா வேண்டாமா, வலி தெரியாமல் வைத்திருக்க என்ன மருந்து, யார் யார் உள்ளே வரலாம், பூசாரியை எப்போது கூப்பிடுவது.

சட்டப்படி 26 வாரம் நிறைந்த பிறகு உயிரில்லாமல் பிறந்தால்தான் இறந்து பிறந்த குழந்தை என்று பதிவு ஆகும். அதற்கு முன் என்றால் உடலை என்ன செய்வார்கள் என்று முதலிலேயே வார்டில் கேளுங்கள். நம் வழக்கப்படி அடக்கம் செய்ய விரும்பினால் அதை எழுத்தில் கொடுத்து வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அதைப் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இங்க ஆணா பெண்ணான்னு சொல்றாங்களே, அது குத்தம் இல்லையா?

இந்தியாவில் குற்றம். இங்கே அப்படித் தடை இல்லை, கேட்டால் சொல்வார்கள். சில நோய்கள் ஆண் குழந்தைகளையே அதிகம் தாக்கும் என்பதால் மருத்துவக் காரணமும் உண்டு. டச்சென் தசை நோய், ஹீமோஃபிலியா போன்றவை அப்படி. ஆண் வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அடுத்த குழந்தைக்கும் இதே வருமா?

பெயர் தெரிந்தால்தான் சொல்ல முடியும். டவுன் சிண்ட்ரோம் வழக்கமான வகை என்றால் இளம் தாய்க்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 100-க்கு 1. குரோமோசோம் ஒட்டிக்கொண்ட வகையைத் தாய் சுமந்தால் அது 100-க்கு 10-க்கு மேல். தண்டுவடக் குறை மறுபடி வருவது சுமார் 100-க்கு 3. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அதிக அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால் அதில் சுமார் 70 சதவீதம் தடுக்கலாம் என்று 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஒற்றை மரபணு நோய் என்றால் சொந்தத்தில் கட்டியவர்களுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

இறந்த குழந்தையைப் பரிசோதிக்கக் கேட்டால் பலர் மறுத்துவிடுகிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. முழுப் பரிசோதனை வேண்டாம் என்றால் வெளிப்படம், எக்ஸ்ரே, ஒரு சிறு திசுவுக்காவது சம்மதியுங்கள். அடுத்த கர்ப்பத்தில் எதைத் தேடுவது என்று சொல்ல அதுதான் இருக்கும்.

பிறந்தபிறகு குழந்தைக்கு உதவி ஏதாவது கிடைக்குமா?

கடுமையான ஊனத்தோடு வீட்டில் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சாசா என்ற அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பராமரிப்பு மானியம் உண்டு. குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். டாக்டர் மதிப்பீட்டுத் தாள் தேவை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம்.

எங்களுக்கு மரபணுப் பிழை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நாத்தனாருக்குச் சொல்லணுமா? அவ கல்யாணம் பாதிக்குமே.

இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான கேள்வி. டாக்டர் உங்கள் சம்மதமில்லாமல் அவளிடம் சொல்ல மாட்டார். அதனால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. கணவர் தலசீமியா சுமந்தால் அவருடைய தங்கையும் சுமக்க இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. அவள் கட்டிக்கொள்பவர் சுமக்கவில்லை என்றால் பிள்ளைக்குப் பெரிய நோய் வராது. கல்யாணத்தைத் தடுக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றும் இல்லை. இருவரும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் போதும்.

சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஊர் கூடிய இடத்தில் வேண்டாம். அவளைத் தனியாக உட்கார வைத்து, பிழையின் பெயரும் லேபின் பெயரும் உள்ள ரிப்போர்ட்டின் நகலை அவள் கையில் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால் எந்த டெஸ்ட் எடுப்பது என்று அவளுடைய டாக்டருக்கு உடனே தெரியும். இல்லாவிட்டால் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.